பங்க்குக்குப் பின்னால் மாவு அரைக்கும் வீடு

டீசலுக்கு வழி தெரியும் என்று நான் நம்பினேன். எடமலைப்பட்டி புதூரில் என் பெட்ரோல் பங்க்குக்கு அடியில் புதைந்திருக்கும் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு கசிந்தால் போதும், அது நிலத்துக்கடியிலேயே நடந்து, திருச்சி ஜங்ஷன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்று நான் தினமும் வீட்டுக்குப் போகிற அதே வழியாகப் போய், காவிரியையும் கடந்து, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் குழாயில் வந்து சொட்டும் என்று நம்பினேன். ஆற்றை எப்படிக் கடக்கும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், பாலத்து வழியாக என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு உறுதி. நான் பி.காம். படித்தவன் என்பதையும், தலை பாதி நரைக்கும் வரை பங்க் நடத்தியிருக்கிறேன் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நம்பிக்கையின் பேரில் தினமும் வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் வாடை அடித்தது. சத்தியமாக அடித்தது. என் மனைவி சமையலறையிலிருந்து இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "குழாய் நாறலைங்க. உங்க சட்டைதான் நாறுது. அதைக் கழட்டிப் போட்டுட்டு மோந்து பாருங்க."

கழற்றிப் போட்டுவிட்டு முகர்ந்தேன். குழாய் நாறவில்லை. ஆனாலும் பயம் சட்டையோடு கழன்று போகிற வகையைச் சேர்ந்தது இல்லையே.

எல்லாம் ஆரம்பித்தது இட்லி மாவில்.

பங்க்கின் பின்சுவரை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. அதில் இருக்கும் அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு வீட்டு முன்னறையில் பெரிய கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்கிறார். மகள் வெளியூரில் நர்சிங் படிப்பது, கரண்ட் பில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு உடுத்திப் போகும் சேலை, எல்லாம் அந்த மாவிலிருந்துதான். புதூரில் பாதி வீடுகள் காலையில் விழிப்பதே அவர் மாவில்தான். என் பங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு பாக்கெட் எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோவேன். ஒரு கோடைநாளில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைத்த மாவு, பாலத்து டிராஃபிக்கில் நான் நின்றுகொண்டிருந்த நேரத்துக்குள் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பின்சக்கரம் வரை வழிந்துவிட்டது. பின்னால் வந்தவர், உங்கள் வண்டியிலிருந்து நுரை தள்ளுகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றார். அப்படிப்பட்ட மாவு.

அந்த மாவில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஒரு நாள் காலையில் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா வாதாடவில்லை. மாவை முகர்ந்தார். பிறகு வீட்டு போர்வெல் தண்ணீரை முகர்ந்தார். பிறகு ஊறிக்கொண்டிருந்த அரிசி, உளுந்து, அரைத்து வைத்திருந்த மாவு, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வாசலில் 'கிரைண்டர் ரிப்பேர்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டார்.

கிரைண்டருக்கு ஆள் தெரியும், அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் நான் போனேன். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"கிரைண்டருக்கு ஒண்ணுமில்ல தம்பி. தண்ணிதான் ஒரு மாதிரி இருக்கு. மோந்து பாருங்க."

முகர்ந்தேன். எண்ணெய். லேசாகத்தான். ஆனால் எண்ணெய். தண்ணீரின் மேல்பரப்பில் ஒரு சின்ன வானவில்கூடத் தெரிந்தது. அவர் போர்க் குழிக்கும் என் டீசல் தொட்டிக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு முருங்கை மரமும்தான் இருக்கின்றன. நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அக்காவும் அதைத்தான் பார்த்தார்.

"என்னன்னு தெரியாம உங்க பங்க்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்," என்றார் அக்கா. "அதான் கிரைண்டர் மேல பழியப் போட்டிருக்கேன். அது வாயில்லாத ஜீவன், ஒண்ணும் கேட்காது. ஆனா தண்ணி இப்படி இருந்தா நான் அரைக்க மாட்டேன் தம்பி. பச்சப் புள்ளைங்களுக்கு இட்லி ஊட்டுறாங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், விஷயம் சுவருக்குச் சுவர் சண்டையாக முடிந்திருக்கும். இப்படி நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? பங்க்குக்குத் திரும்பி வந்து, தொட்டி மூடியின் மேல் கால் படாமல் சுற்றிப் போனேன். அடியில் தூங்குகிறவனை எழுப்பிவிடுவேனோ என்பது போல.

தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு. டிப் ராடு என்போம். தினமும் காலையில் அதை உள்ளே விட்டு எடுத்து, நனைந்திருக்கும் உயரத்தைப் பார்த்து, விற்றதோடு ஒப்பிட வேண்டும். எங்கள் தொட்டியில் அந்தக் கணக்கு ஒருநாளும் பெரிதாக உதைத்ததில்லை. ஆனால் வெயிலுக்கு டீசல் விரியும், குளிருக்குச் சுருங்கும், கண் அளவும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அந்த முன்னே பின்னேக்குள் ஒரு பொடிக் கசிவு ஒளிந்துகொண்டால் கம்பிக்கு எப்படித் தெரியும்? அதனால் காலையில் விட்டேன். மத்தியானம் விட்டேன். சாயங்காலமும் விட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பங்க்கில் சீனியர் ஒருவர் இருக்கிறார். வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், எனக்கு முன்பிருந்தே அந்த பங்க்கில் வேலை பார்க்கிறவர். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வண்டிகளுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "ஓனர், நீங்க இப்படிக் குத்திக்கிட்டே இருந்தா இல்லாத ஓட்டையும் விழுந்துரும்."

கம்பியை வைத்துவிட்டு மண்ணுக்கு மாறினேன். பின்சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்வேன். இரண்டடி நகர்ந்து இன்னொரு பிடி. பெட்ரோல் போட வந்த ஒருவர் இறங்கி வந்து, மோதிரமா சார் தொலைஞ்சுது என்று கேட்டு, அவரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர். மோதிரம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

பயம் என்னை நல்லவனாக்கியது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எண்ணெய்க் கம்பெனிக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பங்க்கைச் சுற்றியுள்ள மண்ணைத் தோண்டி எடுத்து, பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் எடுத்து, லேபில் சோதனை செய்ய ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கென்ன, காத்திருக்கலாம். டீசல் விற்றுக்கொண்டே காத்திருக்கலாம். அக்கா அப்படியில்லை. கேன் தண்ணீரில் மாவு அரைத்தால் கட்டுப்படியாகாது. வாங்குகிறவர்கள் பத்து நாள் வேறு கடைக்குப் பழகிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். லேபிலிருந்து தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை வந்தால், அந்தத் தெருவில் அந்த மாவை அதற்குப் பிறகு யார் வாங்குவார்கள்?

இதை நினைத்து நான் தினமும் குடிக்கக் கேன் தண்ணீர் கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரிலேயே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நான் அதை முகர்ந்துவிட்டுக் குடித்தேன்.

"நான் அந்தோணியார்கிட்ட சொல்லிட்டேன் தம்பி," என்றார் அக்கா. "செவ்வாக்கிழமை போயி மெழுகுவத்தியும் ஏத்திட்டேன். நீங்க பிரஷர ஏத்திக்காதீங்க."

சாம்பிள் எடுக்க வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் எனக்குள் பெண் பார்க்க வருகிறார்கள் என்கிற மாதிரி ஒரு பதற்றம் வந்துவிட்டது. பங்க் பளிச்சென்று இருக்க வேண்டும், ஒரு இடத்திலும் கறை தெரியக் கூடாது, டீசல் வாடையே அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பெட்ரோல் பங்க்கில் டீசல் வாடை அடிக்கக் கூடாது என்று ஒரு முதலாளி சொன்னால், அவர் மேல் மரியாதை வைத்திருக்கும் ஆட்கள் என்ன செய்வார்கள்? சரிங்க ஓனர் என்றார்கள். மறுநாள் காலையில் நான் வந்தபோது தொட்டி மூடிகளெல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. வருஷக்கணக்காக ஏறியிருந்த துருவும் கிரீஸும் போன இடம் தெரியவில்லை. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணனின் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

லேபிலிருந்து வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், என்ஜினீயர். கூட இரண்டு பேர், ஒரு ஐஸ் பெட்டி, கண்ணாடி சீசாக்கள், திருகு மாதிரி முறுக்கு வைத்த ஒரு நீள இரும்புத் துளைப்பான். நான் முன்னால் போய் வணக்கம் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சார், நீங்க சென்ட் போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தேன். டீசல் வாடை அடிக்கக் கூடாதே என்று கழுத்திலும் சட்டையிலும் தாராளமாகவே போட்டிருந்தேன். அவர் கையில் ஒரு சின்னக் கருவி இருந்தது, காற்றில் எண்ணெய் ஆவி இருந்தால் எண் காட்டும். அது என் பக்கம் திரும்பியதும் துடித்தது. தங்கள் ஆட்கள் சாம்பிள் எடுக்கும் நாளில் சென்ட், பவுடர் எதுவும் போடுவதில்லை, வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல்கூடப் போடுவதில்லை என்றார். தயவு செய்து காற்று வீசிப் போகிற பக்கம், அந்த டயருக்கு ஏர் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றார். என் சொந்த பங்க்கில் என்னை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள்.

அங்கே நின்றபடிதான் எல்லாவற்றையும் பார்த்தேன். தொட்டியைச் சுற்றி, குழாய் போகும் இடங்களைத் தவிர்த்து, குறி வைத்தார்கள். துளைப்பானைத் திருகித் திருகி இறக்கினார்கள். முதலில் நிரப்பிய மண், பிறகு செம்மண், பிறகு சரளை. துளைப்பான் கல்லில் முட்டும்போதெல்லாம் எனக்குப் பல் கூசியது. ஒவ்வொரு குழியிலும் மேலே ஒரு சாம்பிள், ஆழத்தில் ஒரு சாம்பிள். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. ஒரு குழி முடிந்ததும் துளைப்பானை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசி, அடுத்த குழிக்குப் போனார்கள். மண்ணை சீசாவில் விளிம்பு வரை, காற்றுக்கு இடமே இல்லாமல் அடைத்து மூடினார்கள். இடம் விட்டால் பெட்ரோல் இருந்தாலும் ஆவியாகி அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், மூடியைத் திறந்ததும் ஓடிவிடுமாம். ஒரு சீசா மட்டும் மூடி திறக்காமலே ஐஸ் பெட்டியில் இருந்தது. அது எதற்கு என்று தூரத்திலிருந்தே கேட்டேன். அது சும்மா கூட வந்து, கூடவே திரும்பிப் போகும், வழியில் ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்று கடைசியில் அதைப் பார்ப்போம் என்றார். ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வந்து போகிற அதன் மேல் எனக்கு உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

பின்சுவரோரம், அக்கா வீட்டுப் பக்கமிருந்த மண்தரையில் மூன்றாவது குழி. அங்கே மேல்மண்ணை எடுத்ததும் அந்தப் பெண் நின்றார். கருவியை வைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"சார், இங்க சமீபத்துல டீசல் ஏதாவது கொட்டுச்சா?"

"இல்லவே இல்லைங்க மேடம்," என்றேன். அண்ணனைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டி, ஒரு சொட்டு கொட்டலைங்க என்றார். இரண்டு பேரும் முழு மனதோடு சொன்ன உண்மை அது.

அதற்கிடையில் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல்லின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போர்வெல்லுக்குள் இறக்கி வைக்கிற மோட்டார் கிடையாது. வெளியே கம்ப்ரசர் இருக்கும். அது குழாய் வழியாகக் காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும். அதை ஓட விட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். அது ஓடுகிற சத்தத்தில் பங்க்கில் யாருக்கும் யார் சொல்வதும் கேட்கவில்லை. சீசாவை மூடி ஐஸ் பெட்டியில் வைக்கும்போது அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவரைப் பார்க்கிற மாதிரி.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் சரியாகத் தூங்கவில்லை என்பதைத் தவிர. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், தொட்டியைத் தோண்டி எடுக்க கிரேன் வருவது, பங்க்கைச் சுற்றிக் கயிறு கட்டுவது, டிவிக்காரர்கள் என் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டுவது எல்லாம் தட்டுக்குள் தெரியும். மைக்கில் என்ன சொல்வது என்று ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மனைவி பார்த்துவிட்டாள். நீங்கள் பேசுவதைக் கேட்டால் கசியாத தொட்டியையும் கசிந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள் என்றாள். பிறகு சிரிக்காமல் ஒன்று கேட்டாள்: "அந்த அக்கா இப்ப செலவுக்கு என்ன பண்றாங்க?" எனக்குத் தெரியவில்லை. கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. என் பயத்திலேயே நான் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்கிறேன். மறுநாள் மனைவியே என்னோடு ஸ்கூட்டரில் வந்து, அக்கா வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, வரும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் லேபிலிருந்து போன் வந்தது. ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் தகவலாகச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்தான் பேசினார்.

"சார், மூணாவது குழியில டீசல் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். மேல்மண், ஆழம், தண்ணீர் ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை, திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், இப்படி ஏதேதோ. எதையும் நான் கேட்கவில்லை. சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் வாய். நான் ஏற்கெனவே சுவரைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போயிருந்தேன்.

அக்கா கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினியத் தவலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். உபயோகமே இல்லாதபோதும் தினமும் துடைப்பார் போல.

"அக்கா, எங்க டீசல்தான்," என்றேன். "போன் வந்துருச்சு."

கையிலிருந்த தவலையைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"சரி தம்பி. தெரிஞ்சுருச்சுல்ல. தெரியாம இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"நான் வேற போர் போட்டுத் தர்றேன் அக்கா. இல்லாட்டி லாரித் தண்ணி..."

"அதெல்லாம் அப்புறம். உங்க பங்க்க மூடிருவாங்களா?"

தெரியவில்லை என்றேன்.

"அங்க வேலை பார்க்கற பொண்ணுங்க, அந்த அண்ணன், அவங்கல்லாம் எங்க போவாங்க?" என்றார். தன் தவலைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எங்க நாத்தனார் கே.கே. நகர்ல ஒரு ஹாஸ்டல்ல சமைக்க ஆள் கேட்டுக்கிட்டு இருந்தா. அங்க கேட்டுப் பார்க்கறேன். நீங்க முகத்த இப்படி வச்சுக்காதீங்க," என்றார்.

ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஜோக்கும் வராமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாகக் கேட்ட கிரைண்டர் சத்தம் இல்லாமல் அந்த வீடு எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தார். சென்ட் இல்லாமல் பக்கத்தில் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது. அக்காவும் வந்து நின்றார், என்னவாக இருந்தாலும் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று. மூன்றாவது குழியின் மேல்மண்ணில்தான் டீசல் இருக்கிறது, அதே குழியில் ஆழத்தில் இல்லை, மற்றக் குழிகளில் எங்கேயுமே இல்லை என்றார் அந்தப் பெண். தொட்டியில் கசிவு என்றால் டீசல் தொட்டியின் ஆழத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இது மேலிருந்து வந்திருக்கிறது. அதுவும் பழசு இல்லை, பழசானால் மண்ணில் கிடந்து கிடந்து மாறிப்போயிருக்கும், இது புதுசு. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன் என்றார். இங்கே என்ன கொட்டினீர்கள்?

அண்ணன் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "கொட்டலைங்க மேடம். நீங்க வர்றீங்கன்னு ஓனர் சுத்தமா இருக்கணும்னு சொன்னாரு. மூடியெல்லாம் டீசல் போட்டுத் துடைச்சோம். துடைச்ச அழுக்கு டீசல அந்தச் சுவரோரம் மண்ணுல ஊத்தினோம். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். பங்க்கில் கை கழுவ டீசல். கிரீஸ் போக டீசல். துருவுக்கு டீசல். பைக் செயினுக்கு டீசல். அவர் ஊரில் கிணற்று மோட்டாரையும் அப்படித்தான் துடைப்பார்களாம். எங்கள் கணக்கில் டீசல் அழுக்கு இல்லை, அழுக்கை எடுக்கிற சாமான். கொட்டினால்தான் கொட்டியது. துடைத்த மிச்சத்தை ஓரமாக ஊற்றுவது சுத்தம் செய்வதில் சேர்த்தி. மண்ணில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்களுக்காக, மண்ணில் டீசலை ஊற்றி வரவேற்றிருக்கிறோம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதற்கு மிகவும் சிரமப்பட்டார். பிறகு அக்காவே சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகு எல்லோராலும் முடிந்தது. அண்ணன் மட்டும் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியானால் தண்ணீர்? அக்காதான் கேட்டார். சிரிப்பு அடங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து வண்டியின் பானெட்டில் வைத்தார். ஒவ்வொரு எண்ணெயையும் லேபில் ஒரு மெஷினுக்குள் சூடாக்கி ஓட விட்டால், இலேசான பொருள் முதலில் வெளியே வரும், கனமானது கடைசியில் வரும், அது கோடாகப் பதியும். பெட்ரோல் படத்தில் மலைகளெல்லாம் தொடக்கத்திலேயே இருந்தன. டீசல் படத்தில் நடுவில், சீப்புப் பல் மாதிரி வரிசையாக. அக்கா வீட்டுத் தண்ணீர்ப் படத்தில் முன்னாலும் நடுவிலும் ஒன்றுமே இல்லை. கடைசியில், வெகுதூரம் தள்ளி, ஒரே ஒரு மொட்டை மேடு.

"இது பெட்ரோலும் இல்ல, டீசலும் இல்லம்மா. மெஷினுக்கு ஊத்தற கெட்டி ஆயில். உங்க போர்ல ஓடற கம்ப்ரசர எப்ப சர்வீஸ் பண்ணீங்க?"

அக்கா யோசித்தார். ஆயில் குறைகிறது, குறைகிறது என்று மெக்கானிக் வரும்போதெல்லாம் ஊற்றிவிட்டுப் போவதாகச் சொன்னார். எங்கே குறைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"உங்களப் போட்டு இத்தன நாளா படுத்திட்டேனே தம்பி," என்றார்.

என் பக்கத்தில் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. நீங்களா படுத்தினீர்கள், நான் அல்லவா என்னையே படுத்திக்கொண்டேன், ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போகிறேன் என்று சொல்ல வைத்ததும் நான்தானே என்றெல்லாம். மெக்கானிக் நம்பர் என்கிட்ட இருக்குக்கா என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். தொட்டி கசியவில்லை. சுவரோரத்து மேல்மண்ணை வெட்டிச் சாக்கில் கட்டி, அதற்கென்று இருக்கும் இடத்துக்கு அனுப்பினோம். அக்கா வீட்டுக் கம்ப்ரசரில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது, அது வழியாக ஆயில் காற்றோடு போருக்குள் போயிருக்கிறது. ரிங்கை மாற்றி, ஒரு வாரம் தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, மறுபடியும் லேபுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று மத்தியானம் அக்கா அரிசி ஊற வைத்தார்.